தரைநிலையம் ஏன் துருவத்தை நாடுகிறது?

சுமார் 800 கி.மீ. உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றும் ஒரு தொலையுணர்வுச் செயற்கைக்கோள் 100 நிமிடங்களில் ஒரு சுற்றை முடிப்பதற்குள், அதன் கீழே பூமி 25 டிகிரி கிழக்கே திரும்பிவிடுகிறது. அடுத்தடுத்த சுற்றுகளின் தடங்களுக்கு இடையே நிலநடுக்கோட்டில் இது ஏறத்தாழ 2,800 கி.மீ. விலகல், 69 டிகிரி அட்சரேகையிலோ 1,000 கி.மீ. மட்டுமே. ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகரில் செயற்கைக்கோள் தரவைப் பெறும் தரைநிலையத்துக்கு நாளின் 14 சுற்றுகளில் நான்கைந்தே தென்பட, அண்டார்டிகாவில் அந்த 69 டிகிரியை ஒட்டி அமைந்த இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையத்துக்குப் பெரும்பாலானவை கிடைத்துவிடுவது இதனால்தான். 2013இல் இஸ்ரோ அங்கே தரைநிலையம் அமைத்ததை நான் மிகத் தெளிவான முடிவாகக் கருதுகிறேன்.

அட்சரேகை மட்டும் போதாது. அடிவானமும் திறந்திருக்க வேண்டும். எங்கள் மொட்டைமாடியில் அலுமினியக் கம்பிகளால் செய்த ஆன்டெனாவைக் கொண்டு ரஷ்யாவின் மெடியோர் வானிலைக்கோளின் படத்தைப் பிடிக்கும்போது, பக்கத்து நான்கு மாடிக் கட்டடத்தின் பின்னால் அது மறைந்திருக்கும் நிமிடங்கள் முழுவதும் திரையில் கறுப்புப் பட்டைகளாகவே பதிகின்றன. தலைக்கு நேர்மேலே கடந்தாலும் கால்மணி நேரமே தென்படும் ஒன்றில் அந்த இழப்பு பெரிது.

பாரதியிலும் ஒரு சிக்கல் உண்டு: பெற்ற தரவை இந்தியாவுக்கு அனுப்ப உதவும், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள், அங்கிருந்து பார்த்தால் அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கிறது.