கூர்மையான கண்ணுக்குத் தரவரிசை போட முடியுமா?

காட்டில் பொருத்தும் தானியங்கி கேமராக்களின் படங்களைப் பார்த்து, எதில் என்ன விலங்கு இருக்கிறது என்று குறிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. காற்றில் புல் ஆடினாலே கேமரா படம் எடுத்துவிடும் என்பதால் வெற்றுப் படங்கள் ஏராளம். 'அவருக்கு நல்ல கண்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இங்கே வந்த பிறகு நிறுத்திவிட்டேன்.

களப்பணியில் பேர்போன ஒருவர் எங்களோடு இருக்கிறார். வெளியே போனால், சருகோடு சருகாகக் கிடக்கும் பக்கி என்ற பறவையைக்கூட முதலில் காட்டுவது அவர்தான். திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் சுமார்தான். வெளியே அசைவு காட்டிக்கொடுக்கும், தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும், ஒற்றைப் படத்தில் இரண்டுமே கிடையாது. சரி என்று கேமரா அடுத்தடுத்து எடுத்த படங்களை வேகமாக மாற்றி மாற்றிப் போட்டோம். அப்புறம் மனிதர் வெளுத்துக்கட்டினார்.

இன்னொருவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்து எங்கள் கண்ணைக் குழப்பும் இடத்தில், அவர் விலங்கின் உடல் வரிகளையும் நிழலையும் பிடித்துக்கொண்டு நேராக அதனிடம் போய்விடுவார். 1992இல் மார்கன், ஆடம், மோலன் ஆகியோர் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான்: நிறத்தைக் கலைத்துப் போட்டு மறைத்த உருவங்களை, சாதாரண நிறப்பார்வை உள்ளவர்களைவிட இப்படிப்பட்டவர்கள் நன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இலைகளுக்கு நடுவே நிறத்தால் மட்டும் தனித்துத் தெரியும் சிவப்பு அவருக்குச் சிரமம். இந்தக் குறைபாட்டைக் காரணம் காட்டி அவரை வேலைக்கு எடுக்கத் தயங்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

மேலாளர் எல்லோருக்கும் ஒரு தேர்வு வைத்து வரிசைப்படுத்தலாம் என்றார். சிக்கலான கோட்டுருவத்துக்குள் புதைந்த எளிய வடிவத்தைத் தேடும் தேர்வை உளவியலாளர் விட்கின் 1950லேயே உருவாக்கிவிட்டார், அதில் ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம் வருவதும் உண்மைதான். ஆனால் அதில் அசைவும் இல்லை, ரோமத்தின் வரியும் இல்லை.

தவிர, எப்பேர்ப்பட்ட கண்ணும் வெற்றுப் படங்களாகவே பார்த்தால் சோர்ந்துபோகும். ஜெரமி வுல்ஃப் குழுவின் 2005 ஆய்வில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது சுமார் 7 சதவீதம் தவறியது. 100இல் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். அதனால் விலங்கு இருப்பது உறுதியான பழைய படங்களை நடுநடுவே கலந்துவிடுகிறோம்.

இப்போது ஆட்களை ஜோடியாகப் போடுகிறேன். இருவரும் ஒரே மாதிரிப் படங்களில் கோட்டை விட்டால் ஜோடியை மாற்றிவிடுவேன். மேலாளருக்கு இன்னும் அந்தத் தரவரிசைப் பட்டியல் வேண்டுமாம்.