கை வைப்பதற்கு முன்

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் ஒன்றான, கைகளால் உடலைத் தேய்த்துப் பிடித்துவிடும் தொக்கணத்தைக் கற்க வரும் இளைஞர்கள், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொடங்கும் அதன் 9 வகைகளையும் விரைவில் கைவசப்படுத்திவிடுகிறார்கள். எப்போது கை வைக்கக் கூடாது என்பதைக் கற்கத்தான் நாளாகிறது.

என்னிடம் வந்த ஒருவர், நெடிய பேருந்துப் பயணத்திற்குப் பின் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதாகக் கூறி, எண்ணெய் தேய்த்து நன்றாக அழுத்திவிடச் சொன்னார். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. காலின் ஆழ்ந்த இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருந்தால், அழுத்தும்போது அந்தக் கட்டி பெயர்ந்து சென்று நுரையீரலில் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காமலேயே அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவருக்கு வருத்தந்தான், எனக்கு அதில் சிறிதும் தயக்கமில்லை.

சிகிச்சைக்கு வருபவர்கள் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டியவையும் உண்டு: கர்ப்பம், காய்ச்சல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரை. பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தால்தான் பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில் வலிக்கும்போது தசை தானாகவே இறுகிவிடுவதால், வேலை செய்ய வேண்டிய ஆழத்திற்குக் கை இறங்குவதே இல்லை. ஆகவே வலித்தால் அந்தக் கணமே சொல்லுங்கள். சொன்ன பிறகும் அழுத்தத்தைக் குறைக்காதவரிடம் மறுமுறை செல்லாதீர்கள்.