கந்தரோடையில் அத்திவாரம் வெட்டியபோது

யாழ்ப்பாணத்தின் தொன்மையான ஊர்களில் ஒன்றான கந்தரோடையில் எங்கள் குடும்ப வளவில் வீடு கட்ட முடிவெடுத்தபோது, "தொல்பொருள்காரர் வந்தால் காணி போய்விடும், சத்தம் போடாமல் வெட்டி மூடுங்கோ" என்றுதான் உறவினர் பலர் புத்தி சொன்னார்கள். வடக்கில் தொல்பொருளின் பெயரால் காணிப் பிணக்குகள் எழுந்ததைக் கண்டவர்களுடைய அந்த அச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் மண்ணுக்குள் இருப்பது பதிவாகாமல் அழிந்துபோனால், இவ்வூரில் முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றி எவரும் எதையும் சொல்லலாம் என்ற நிலையே மிஞ்சும். ஆகவே முறைப்படி செல்லத் தீர்மானித்தோம்.

பிரதேச சபையில் கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தபோது தொல்பொருள் திணைக்களத்தின் சிபாரிசும் கேட்கப்பட்டது. காணி உறுதியின் பிரதி, நில அளவைப் படம், வீட்டு வரைபடம் ஆகியவற்றைக் கொடுத்தோம். 0.25 ஹெக்டேயரை, அதாவது யாழ்ப்பாணக் காணி அளவில் ஏறத்தாழப் பத்துப் பரப்பை, மீறும் திட்டங்களுக்கு முன்கூட்டியே தொல்பொருள் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் கட்டளை கூறுகிறது. எங்கள் காணி அதனிலும் சிறியது என்பதால், அத்திவாரம் வெட்டும்போது திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சிபாரிசு கிடைத்தது.

பேக்கோ என்னும் மண் வெட்டும் இயந்திரத்தைப் பிடித்து ஒரே மூச்சில் வெட்டிவிடலாம் என்று ஒப்பந்தகாரர் நின்றார். கூலி கூடினாலும் பரவாயில்லை, மண்வெட்டியால்தான் வெட்ட வேண்டும் என்று நாங்கள் உறுதியாகச் சொன்ன பிறகே அவர் இணங்கினார்.

மேலே செம்மண்ணில் ஓட்டுத்துண்டுகளும் பொலித்தீனுமே வந்தன. முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண் சாம்பல் நிறமாக மாறியதும், உத்தியோகத்தர் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிடங்கினுள் இறங்கினார். சிறிய கரண்டியால் சுரண்டி அவர் எடுத்த பானை ஓடு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உட்புறமும் விளிம்பும் கன்னங்கரேலென்றும், வெளிப்புறம் செங்கல் நிறத்திலும் இருந்தன. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உட்பக்கம் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும் என்று அவர் விளக்கினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழுவினர் இவ்வூரில் அகழ்ந்தபோது பெருமளவில் கண்டெடுத்ததும் இந்தக் கறுப்புச் சிவப்பு மட்பாண்ட வகையைத்தான். 1917 அளவில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் ஆய்வு தொடங்கிய காலம் முதல் பலரும் எழுதிவந்த ஊரின் பழமை, முருகைக்கல்லால் கட்டிய பழைய பௌத்த தூபிகள் நிற்கும் வேலிக்குள் மட்டும் அடங்கியது அன்று என்பது அப்போது எனக்கு நன்றாக விளங்கியது.

"ஐயா, இப்படி ஓடுகள் தோட்டம் கொத்தேக்கை நெடுகவும் வருமே" என்றார் மேசன். வரும்தான், ஆனால் எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்று தெரியாத ஓட்டால் காலத்தைச் சொல்ல முடியாது என்று உத்தியோகத்தர் பதிலளித்தார். ஒவ்வொரு ஓடும் கிடங்கின் எண், ஆழம், திகதி எழுதிய தனித்தனிப் பைகளுக்குள் போயிற்று. அன்று மாலையே மேசனும் மண்ணின் நிறம் மாறும் இடங்களில் தானாகவே நின்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

பெரிய சிக்கல் மலசலகூடக் குழியில்தான் வந்தது. அதற்கு ஆழம் அதிகம் தேவை. கரித்துண்டுகளும் சிப்பிகளும் எலும்புகளும் நெருக்கமாகக் கலந்த மண்படை ஒன்று அங்கே வெளிப்பட்டது. அதைத் தோண்டி அழிப்பதைவிடக் குழியை வளவின் மற்ற மூலைக்கு மாற்றலாமா என்று திணைக்களத்தார் கேட்டார்கள். வரைபடத்தைத் திருத்தி மீண்டும் ஒப்புதல் பெறும் வரை வேலை தடைப்பட்டது. வட்டிக்குக் கடன் எடுத்துக் கட்டுபவருக்கு அந்தக் காத்திருப்பு உண்மையிலேயே சுமைதான். தொடக்கத்திலேயே குழிக்கு இரண்டு இடங்களைக் காட்டி வரைபடம் போட்டால் இதைத் தவிர்க்கலாம்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி மண்ணிலிருந்து எடுக்கப்படும் தொல்பொருட்கள் அரசுக்கு உரியவை. பைகளைத் திணைக்களத்தார் கொண்டுசென்றார்கள். என்ன எடுக்கப்பட்டது என்ற பட்டியலின் கையொப்பமிட்ட பிரதி ஒன்றை நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டோம். கட்டுபவர் எல்லோரும் அதைக் கேட்க வேண்டும். எங்கள் காணி உறுதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வெட்டிய மண்ணையும் நாங்கள் வெளியே விற்கவில்லை. அரித்துப் பார்த்த பின்னர் அதையே அத்திவாரத்துக்குள் நிரப்பி நிலம் இறுக்கினோம்.