மோதின காரில் முன்சக்கரம் ஆடுகிறதா? அலைன்மென்ட்டுக்கு முன்னால் ஜாக்கி போடுங்கள்

காரை எங்கேயாவது இடித்துவிட்டால் நம்ம பக்கம் முதலில் நடப்பது டிங்கரிங்கும் பெயின்ட்டும்தான். பம்பர் மாற்றி, ஃபெண்டரைத் தட்டி எடுத்து, பார்க்கப் புதுசு மாதிரி ஆனதும் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் 'கடக்'கென்று சத்தம் வருகிறது என்று சொன்னால், அலைன்மென்ட் பாருங்கள், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை மெஷினில் வைத்துச் சரிபண்ணுங்கள் என்று பதில் வரும்.

என் மச்சான் காருக்கும் இதுதான் நடந்தது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் வலது முன்சக்கரம் மீடியனில் மோதியது. அலைன்மென்ட் பார்த்த பிறகும் ஆட்டம் அப்படியே இருந்தது. எப்படிப் போகும்? ஒரு ஜாயின்ட் லூசாக இருந்தால் மெஷின் காட்டுகிற அளவே சக்கரத்தை அசைக்க அசைக்க மாறும். லூசான இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் அலைன்மென்ட்டுக்கு அர்த்தம்.

முதலில் வீல் நட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். அது சரி என்றால் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடத்தில், உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்காகவும் (சக்கரம் சுழல்வதைத் தாங்குவது) இருக்கலாம், லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டாகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்வது சுலபம்: உள்ளே ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும், பேரிங்கைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், அதனால் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் அல்லது ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) பக்கம். பக்கவாட்டில் 3, 9 பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் வெளிமூட்டான டை ராடு எண்ட், இல்லையென்றால் ரப்பர் உறைக்குள் இருக்கும் அதன் உள்மூட்டான ரேக் எண்ட். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் அந்தந்த ஜாயின்ட் மேல் விரலை வைத்துப் பார்த்தால் போதும், லூசான ஜாயின்ட் விரலுக்கடியில் டக் டக்கென்று தட்டும்.

மச்சான் வண்டியில் பிரேக் பிடித்தும் ஆட்டம் நிற்கவில்லை. லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் லிவரை விட்டு நெம்பினோம், பால் ஜாயின்ட் கண்ணுக்குத் தெரியவே எழும்பி இறங்கியது. அதோடு டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் டேப்பில் அளந்தால், வலது சக்கரம் பின்னால் தள்ளிப் போயிருந்தது. அப்படியென்றால் ஆர்மே வளைந்திருக்கிறது.

"சூடு பண்ணி நிமித்திடலாம்ணா, புதுசு எதுக்கு?" என்று பட்டறையில் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். சூடு காட்டினால் இரும்பின் பலம் போய்விடும், வளைந்து நிமிர்ந்த இடத்தில் விரிசல் விடலாம். சக்கரத்தையே பிடித்து வைத்திருக்கிற பாகம் அது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போனால் தொப்பூர் கணவாய் இறக்கம், முன்னும் பின்னும் லோடு லாரிகள். அங்கே பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை. உள்ளே குடும்பம் உட்கார்ந்திருக்கும். இதில் காசு பார்க்கக் கூடாது.

பேரிங் விஷயத்தில் ஒன்று: மோதிய அடியில் உள்ளே பள்ளம் விழுந்திருந்தாலும் உடனே ஆடாது. கொஞ்ச நாள் கழித்து வேகம் ஏற ஏற 'ஊ'வென்று இரைச்சல் வரும். இடது பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங், வலது பக்கம் என்றால் இடது.

இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுகிறவர்கள் சர்வேயர் வரும்போதே சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெளியே தெரிகிற பம்பரையும் ஃபெண்டரையும் மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டால், பிறகு ஆர்ம், டை ராடு எண்டைச் சேர்க்க அலைய வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதற்குப் பிறகு அலைன்மென்ட். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.