காற்று கடைசி வேகன் வரை போகிறதா?

சரக்கு யார்டு என்றாலே பலருக்கு வேகன்களைப் பிரிக்க எழுப்பிய ஹம்ப் என்ற மேடுதான் நினைவுக்கு வரும். ஷன்டிங் எஞ்சின் பின்னாலிருந்து நடை வேகத்தில் தள்ளும். மேட்டின் உச்சியில் கப்லிங்கை, அதாவது வேகன்களின் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். வேகன் தன் எடையிலேயே இறங்கி கிங், க்வீன், ஜாக் என்ற பாயிண்டுகளை (தண்டவாளம் பிரியும் இடங்களை) தாண்டித் தனக்கான லைனில் போய் நிற்கும். ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லப்பட்ட மொகல்சராய் யார்டு அப்படித்தான் இயங்கியது. 1980களில் ஒரே இடத்துக்கு முழு ரேக்காக (பிரிக்காத ஒரே வேகன் தொடராக) ஏற்றி அனுப்பும் முறை வலுத்தபின், வேகன் வேகனாகப் பிரிக்கும் வேலை மெல்ல ஒழிந்தது.

யார்டில் வேலை இன்றும் குறையவில்லை. எஞ்சின் மாற்றுவது, சிக் வேகனை (பழுதான வேகனை) நடுவிலிருந்து கழற்றுவது, பாதி ரேக்கை சைடிங் என்ற பக்க லைனில் விட்டு மீண்டும் சேர்ப்பது என்று நாள் முழுவதும் நடக்கிறது. இவை ஒவ்வொன்றிலும் பிரேக்குக்கான காற்றுக் குழாயான பிரேக் பைப் ஒருமுறை பிரிகிறது, ஒருமுறை சேர்கிறது. தப்பு நுழைவது அந்த இடத்தில்தான்.

பாக்ஸ்-என் என்ற திறந்த சரக்கு வேகன் ஒன்று கப்லருக்குக் கப்லர் 10.713 மீட்டர். முழு பாரத்தோடு 81.28 டன். 58 வேகன் கோத்தால் 620 மீட்டருக்கு மேல், 4,700 டன்னுக்கு மேல். இத்தனையையும் நிறுத்துவது வேகன்களுக்கு அடியில் ஓடும் ஒரு குழாயில் இருக்கும் காற்று. பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால், வேகனிலேயே உள்ள ஆக்சிலரி ரிசர்வாயர் என்ற தொட்டியின் காற்று பிரேக் சிலிண்டருக்குள் பாய்ந்து பிரேக் கட்டைகளைச் சக்கரத்தில் அழுத்தும்.

கோக்கும்போது இரண்டு கப்லர்களின் நக்கிள்களில் (கொக்கி போன்ற பகுதிகளில்) ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். இரண்டும் மூடியிருந்தால் முட்டி விலகும். சேர்ந்தபின் லாக் முழுதாக விழுந்ததா என்று பாயிண்ட்ஸ்மேன் குனிந்து பார்க்க வேண்டும், எஞ்சினை மெதுவாக ஒரு இழுப்பு இழுக்கச் சொல்ல வேண்டும். அரைகுறையாக விழுந்த லாக் யார்டுக்குள் தாங்கிவிடும், ஏற்ற இறக்கத்தில் அறுத்துக்கொண்டு வண்டி இரண்டாகும். இந்த இழுப்புச் சோதனைக்கு ஆகும் அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

அடுத்தது ஹோஸ், வேகன்களுக்கு நடுவே பைப்பை இணைக்கும் ரப்பர் குழாய். பச்சை நிறம் பிரேக் பைப், வெள்ளை நிறம் ரிசர்வாயரை நிரப்பும் ஃபீட் பைப். வாஷர் தேய்ந்திருந்தால் சீறல் கேட்கும், சத்தமான யார்டில் கேட்காது. அதனால் கையை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆங்கிள் காக், பைப்பின் முனையில் காற்றைத் திறந்து மூடும் குழாய்த் திருகு. கைப்பிடி குழாயோடு ஒரே வாட்டத்தில் இருந்தால் திறந்தது, குறுக்கே இருந்தால் மூடியது. ஹோஸைக் கழற்றும்போது இரண்டு பக்கத்து ஆங்கிள் காக்குகளையும் மூடாமல் கை வைத்தால், காற்றோடு துள்ளும் ஹோஸ் முகத்தில் அடிக்கும்.

இந்த இரண்டு பைப்பும் உள்ள இரட்டைப் பைப் ரேக்கில் எஞ்சினில் பிரேக் பைப் 5, ஃபீட் பைப் 6 கிலோ. 56 வேகன் வரை, கடைசியில் கார்டு இருக்கும் பெட்டியான பிரேக் வேனில் 4.8, 5.8 ஆவது வர வேண்டும். அதற்கு மேல் நீண்டால் 4.7, 5.7. கசிவு நிமிடத்துக்கு 0.25 கிலோவைத் தாண்டக் கூடாது.

பின்னால் 4.8 காட்டிவிட்டது என்பதோடு யாரும் நிறுத்திவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேக்குக்குக் காற்று ஏறியபிறகு, நடுவில் ஒரு வேகனைப் பார்க்க ஆங்கிள் காக்கை மூடி, திறக்க மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்பாதியில் ஏறிய காற்று அங்கேயே அடைபட்டு நிற்கும். கேஜ் கொஞ்ச நேரத்துக்கு நல்ல எண்ணையே காட்டும். எஞ்சினிலும் 5 கிலோ சரியாக இருக்கும். ஆனால் லோகோ பைலட் பிரேக் போட்டால் மூடிய காக்குக்கு முன்னால் உள்ள வேகன்கள் மட்டும் பிடிக்கும். மீதி வேகன்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும்.

அதனால் காற்று முன்னிருந்து பின்வரை தொடர்கிறதா என்று பார்க்கும் கன்டின்யூயிட்டி சோதனை என்பது அழுத்தம் இருப்பதைப் பார்ப்பது அல்ல, இறங்குவதைப் பார்ப்பது. முன்னால் லோகோ பைலட் அழுத்தத்தைக் குறைக்க, பிரேக் வேன் கேஜில் முள் இறங்க வேண்டும். கார்டு (2022 முதல் ட்ரெயின் மேனேஜர்) பின்னாலிருந்து காற்றை விட்டால் எஞ்சினில் காற்றோட்டத்தைக் காட்டும் ஏர் ஃப்ளோ முள் எகிற வேண்டும். கழற்றிச் சேர்த்த ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் வாக்கி டாக்கியில் எண்களைச் சொல்லிக்கொள்ள வேண்டும். "சரி, சரி" என்று சொன்னால் போதாது.

எஞ்சின் இல்லாமல் நிற்கும் ரேக் வேறு கதை. யார்டுகளில் 400க்கு 1 வரை சரிவு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஆனால் 4,700 டன் ரேக்கை அது கிட்டத்தட்ட 12 டன் விசையோடு இழுக்கிறது. எளிதில் உருளும் ரோலர் பேரிங் சக்கரங்களுக்கு, வீசும் காற்றின் ஒரு தள்ளலோ பக்கத்து ஷன்டிங்கின் ஒரு இடியோ சேர்ந்தால் போதும். காற்றுப் பிரேக் சில மணி நேரத்தில் கசிந்து விட்டுவிடும், அதை நம்பவே கூடாது. இரு முனையிலும் குறைந்தது ஆறு வேகன்களுக்குக் கை பிரேக், தண்டவாளத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டு, சக்கரத்துக்கு ஆப்பு. கை பிரேக் சக்கரம் இறுகிவிட்டது என்பதால் கட்டை பிடித்துவிட்டது என்று ஆகாது. ரிக்கிங் (கட்டையை இழுக்கும் கம்பிகளும் நெம்புகோல்களும்) சிக்கியிருந்தாலும் இறுகும். கட்டை சக்கரத்தைத் தொடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

புறப்படும்போது அத்தனையையும் எடுத்தாக வேண்டும். ஒன்றை மறந்தால் சக்கரம் உருளாமல் இழுபட்டுத் தேய்ந்து தட்டையாகும். தட்டை 60 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த வேகன் ஓடக் கூடாது. வேகன் காலியா, பாரமா என்பதற்கேற்பப் பிரேக் விசையை மாற்றும் எம்ப்டி-லோடு கைப்பிடியும் இதே மாதிரி: காலி வேகனில் அது லோடில் நின்றால் பிரேக் அதிகமாகிச் சக்கரம் வழுக்கும், பாரம் ஏற்றிய வேகனில் எம்ப்டியில் நின்றால் பிரேக் போதாது. பிஸ்டன் ஸ்ட்ரோக்கை, அதாவது பிரேக் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வரும் தூரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: காலியில் 85, பாரத்தில் 130 மில்லிமீட்டர், பத்து முன்னே பின்னே.

வண்டி நகர ஆரம்பித்ததும் இரு பக்கமும் ஆள் நின்று பார்ப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. உருளாத சக்கரம், புகையும் கட்டை, தொங்கும் ஹோஸ் மூன்றும் அந்த மெதுவான ஓட்டத்தில்தான் தெரியும். இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்டும் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள்) பலகை கடக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.