காளைச் சவாரி வீரர்களின் தலைக்கவசம்: விருப்பத்திற்கு விடக் கூடாத ஒன்று

1989 ஜூலை 30 அன்று, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள செயன் நகரில் நடந்த ரோடியோவில் (அமெரிக்க மாடு மேய்ப்பர்களான கௌபாய்களின் மரபில் வந்த விளையாட்டுப் போட்டி), லேன் ஃபிராஸ்ட் என்ற 25 வயது காளைச் சவாரி வீரர், சவாரி செல்லுபடியாகத் தேவையான எட்டு நொடிகளையும் காளையின் முதுகில் முழுமையாகக் கழித்து, இறங்கிய பிறகே உயிரிழந்தார். அவர் அனுபவமில்லாதவர் அல்லர். 1987ஆம் ஆண்டின் உலக வாகையர். சேற்றில் விழுந்த அவரைத் திரும்பி வந்த காளை கொம்பால் முதுகில் அழுத்தியதில் விலா எலும்புகள் முறிந்து உள்ளுறுப்புகளைச் சிதைத்தன. எழுந்து நின்று உதவி கேட்டுக் கையசைத்தவர் சில அடிகள் நடப்பதற்குள் சரிந்தார். அந்தக் காலத்தில் இந்த விளையாட்டில் மார்பையும் முதுகையும் காக்கும் உடை என்ற ஒன்றே வழக்கத்தில் இல்லை. திறமைசாலிக்கு ஆபத்து குறைவு என்று இன்றும் நம்புகிறவர்களுக்கு இந்த மரணத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஏனெனில் வீரரின் திறமை காளையின் முதுகில் இருக்கும் வரைதான் துணை நிற்கிறது. தரையில் விழுந்தபின் அவருக்கும் ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ள விலங்குக்கும் இடையே இருப்பது அவர் அணிந்திருக்கும் பொருள்கள் மட்டுமே.

ஃபிராஸ்டின் நெருங்கிய நண்பரும் சக வீரருமான கோடி லேம்பர்ட், குதிரைப் பந்தய வீரர்கள் அணியும் பாதுகாப்பு மேலங்கியை முன்மாதிரியாகக் கொண்டு, 1990களின் தொடக்கத்தில் காளைச் சவாரிக்கென ஒரு மேலங்கியை உருவாக்கினார். அடர்த்தியான நுரைப்பஞ்சு, அதன்மேல் குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் வகையிலான உறுதியான இழைத்துணி, வெளியே தோல் என்பதே அதன் அமைப்பு. கொம்பின் முனையோ குளம்போ ஒரே புள்ளியில் செலுத்தும் விசையை இந்த அடுக்குகள் பரந்த பரப்பிற்குப் பகிர்ந்து கொடுக்கின்றன; அதனால் விலா முறிந்து உள்ளே குத்தும் வாய்ப்பு குறைகிறது. லேம்பர்ட் உட்பட 20 வீரர்கள் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு 1992இல் தொடங்கிய பிபிஆர் என்ற தொழில்முறைக் காளைச் சவாரி அமைப்பு இந்த மேலங்கியைக் கட்டாயமாக்கியது. சில ஆண்டுகளிலேயே, மேலங்கி அணியாமல் காளை மீது ஏறும் தொழில்முறை வீரரைக் காண்பது அரிதாயிற்று.

தலைக்கவசத்திற்கு ஏன் இந்த வேகம் வாய்க்கவில்லை என்ற கேள்வியே இந்த விளையாட்டைக் கவனித்துவரும் எனக்கு நெடுநாளாக மன வருத்தம் தருவது. மேலங்கி வீரரின் தோற்றத்தை மாற்றவில்லை. சட்டையின் மேல் அணியும் தோல் உடை, அலங்காரத்துக்கும் விளம்பரச் சின்னங்களுக்கும் இடம் தந்தது. கௌபாய் கௌபாயாகவே தெரிந்தார். தலைக்கவசமோ, அகன்ற விளிம்புத் தொப்பியைக் கழற்றச் சொல்கிறது. தந்தையும் தாத்தாவும் அணிந்த தொப்பி அது. வீரத்தின் அடையாளமாகவே கருதப்படுவது. இந்தப் பற்றை நான் இழிவாக எண்ணவில்லை. ஆனால் தலைக்கவசத்தை மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களில் மரபு அரிதாகவே இடம்பெறுகிறது. அதன் எடை கழுத்தைச் சோர்வடையச் செய்கிறது, சமநிலையைக் குலைக்கிறது, முகக் கம்பிகள் பார்வையை மறைக்கின்றன என்பனவே முன்வைக்கப்படுகின்றன. வளர்ந்தபின் முதன்முறையாக அணிபவருக்கு இவை உண்மையான இடையூறுகளே. சிறுவயது முதல் அதனுடனேயே பழகியவருக்கு அவை இடையூறாகத் தோன்றுவதில்லை. இன்று பிபிஆர் போட்டிகளில் பட்டம் வெல்லும் இளைஞர்களைப் பார்த்தாலே இது விளங்கும்.

அதனால்தான் பிபிஆர் 2013இல் கொண்டுவந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். 1994 அக்டோபர் 15 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த வீரர்கள் கட்டாயமாகத் தலைக்கவசம் அணிய வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் தொப்பியுடன் தொடரலாம். மூத்த வீரர்களுடன் மோதாமல், அவர்கள் ஓய்வு பெறப் பெறத் தொப்பி தானாகவே களத்தைவிட்டு நீங்கும்படி செய்த ஏற்பாடு இது. அதைவிட முக்கியமாக, இளம் வீரரிடமிருந்து தேர்வுச் சுமையை அது எடுத்துவிட்டது. வலியை வெளிக்காட்டாமல் இருப்பதையே பெருமையாகக் கருதும் ஒரு கூட்டத்தில், 19 வயதுப் பையன் ஒருவன் தானாகத் தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுப்பான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அது விதியாகிவிட்டால் யாரும் அவனைக் கோழை என்று சொல்ல முடியாது.

முகத்துக்கு நேரும் ஆபத்தை 1995இல் போடேசியஸ் என்ற காளை அனைவருக்கும் காட்டியது. பின்கால்களை உயரத் தூக்கி, வீரர் முன்னோக்கிச் சாயும் அதே கணத்தில் தலையைப் பின்னுக்கு வீசும் வழக்கம் அதற்கு உண்டு. அந்த ஆண்டு அக்டோபரில், டஃப் ஹெட்மன் என்ற வாகையரின் முக எலும்புகள் அந்த மோதலில் நொறுங்கின. பல மணி நேர அறுவைச் சிகிச்சையால்தான் அவர் முகத்தைச் சீரமைக்க முடிந்தது. டிசம்பரில் அதே காளை மீண்டும் தமக்கு வாய்த்தபோது அவர் ஏற மறுத்து, அதை வெறுமனே வெளியே விட்டார். அதே போட்டித் தொடரில் ஸ்காட் பிரீடிங் என்ற வீரர் ஹாக்கி முகமூடி போன்ற ஒன்றை அணிந்து ஏறினார்; அவருக்கும் கண்குழி எலும்பு முறிந்தது. வேறொரு விளையாட்டின் கவசத்தை அப்படியே கடன் வாங்கினால் போதாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. காளைச் சவாரிக்கான முகக்கம்பியுடன் கூடிய தலைக்கவசத்திற்குத் தனித் தரநிர்ணயம் பின்னர்தான் அமெரிக்காவில் வந்தது.

கவசங்களின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் டென்வரில், மேசன் லோ என்ற 25 வயது வீரர் மேலங்கி அணிந்திருந்தும், காளை மார்பில் மிதித்ததால் இறந்தார். விசையைப் பரப்பிக் கொடுப்பதற்கும் ஓர் அளவு உண்டு. காளையின் முழு எடையும் மார்பை நசுக்கும்போது எந்த நுரையும் அதைத் தாங்காது. தலைக்கவசமும் மண்டை ஓட்டையும் முகத்தையும் காப்பதில் வலுவானது. ஆனால் மண்டைக்குள் மூளை அதிர்ந்து மோதுவதை முற்றிலும் தடுக்க அதனால் இயலாது. கனடாவின் டை போசொபான் 2017 ஜனவரியில் தமது 25ஆம் வயதில் காலமான பிறகு, அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், மீண்டும் மீண்டும் பட்ட தலைக்காயங்களால் உண்டாகும் சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டறிந்தனர். தொழில்முறைக் காளைச் சவாரி வீரர் ஒருவரிடம் அந்நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. எனவே தலையில் அடிபட்டவரை மருத்துவர் சோதித்து அனுமதிக்கும் வரை மறுபடியும் ஏறவிடாத விதியையும் பாதுகாப்புச் சாதனங்களுள் ஒன்றாகவே எண்ண வேண்டும். புகழ்பெற்ற மூத்த வீரர் ஜே. பி. மானி 2023 செப்டம்பரில் ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் தொப்பியுடன் ஏறி, கழுத்து முறிந்து, களத்திலிருந்தே விலக நேர்ந்தது. கழுத்து முறிவைத் தலைக்கவசம் தடுத்திருக்கும் என்று நான் வாதிடவில்லை. தலைக்கவசத்தை ஆதரிப்பவர்கள் அந்த விபத்தைத் தவறான சான்றாகக் காட்டுவதும் நல்லதன்று.

பார்வையாளர் கண்ணில் படாத பாதுகாப்பு ஒன்று கயிற்றில் இருக்கிறது. வீரர் ஒற்றைக் கையால் பிடிக்கும் பின்னல் கயிறு காளையின் உடலைச் சுற்றி வருகிறதே தவிர, எங்கும் முடிச்சிடப்படுவதில்லை. வால் எனப்படும், பிசின் தேய்த்த கயிற்று நுனியை உள்ளங்கையின் குறுக்கே சுற்றிப் பிடித்துக்கொள்கிறார்; அந்தப் பிடி தளர்ந்ததும், காளையின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் மணிகளின் எடை கயிற்றைக் கீழே இழுத்து விழச் செய்கிறது. மணி ஓசைக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. ஆனால் வீரர் கை சுற்றியிருக்கும் பக்கத்திற்கு எதிர்ப்புறமாகச் சரிந்தால் கயிறு முறுக்கிக்கொண்டு கையைப் பூட்டிவிடும். கையுறையை மணிக்கட்டோடு தோல் வாரால் கட்டியிருப்பதால் கையை உருவிக்கொள்வதும் எளிதன்று. அப்போது காளையின் பக்கவாட்டில் தொங்கியபடி இழுபடும் அவரைக் காப்பாற்றுவது எந்தக் கவசமும் அன்று. புல்ஃபைட்டர் என்று அழைக்கப்படும் காவலர்களே. ஒருவர் காளையின் முகத்துக்கு நேரே ஓடி அதன் கவனத்தைத் திருப்ப, மற்றவர் தாவி அந்தக் கயிற்றின் வாலை உருவி விடுகிறார். 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில், பிரேசில் நாட்டு இளைஞர் அமாடேயு சில்வாவின் குதிகாலில் மாட்டியிருந்த குதிமுள் காளையின் இடுப்புக் கயிற்றில் சிக்கி, அவர் காளையின் கீழே இழுக்கப்பட்டு இறந்தார். அப்படிச் சிக்கும் கணத்தில் தானே கழன்றுவிடும் குதிமுள்ளை யாரேனும் வடிவமைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து விரும்புகிறேன்.



டெக்சாஸ் ரோடியோக்களில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் செம்மறியாட்டின் மேல் ஏறும் போட்டி உண்டு. முகக்கம்பி வைத்த தலைக்கவசமும் மேலங்கியும் இல்லாமல் அக்குழந்தைகளை யாரும் ஏற்றுவதில்லை. அதே அரங்கில் வளர்ந்த ஒருவர் தொப்பியுடன் காளைமீது அமர இன்றும் பல போட்டி அமைப்புகள் அனுமதிக்கின்றன. பிறந்த தேதியை வைத்த அந்த விதியை எல்லா அமைப்புகளும் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. அதனுடன் பணச் சுமையையும் கவனிக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் முதல் பயணச் செலவு வரை வீரரே ஏற்கும் விளையாட்டு இது. பலத்த அடி பட்ட தலைக்கவசத்தின் உள்நுரை நசுங்கிவிடுவதால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். கையில் பணமில்லாத சிற்றூர் இளைஞர் பழையதையே மாட்டிக்கொண்டு ஏறுகிறார். போட்டி நடத்துபவர்கள் ஒவ்வோர் அரங்கிலும் பல அளவுகளில் நல்ல நிலையிலுள்ள தலைக்கவசங்களை வைத்திருந்து, ஏறுவதற்கு முன் வீரருடையதைச் சோதித்து, பழுதானதற்கு மாற்றுக் கொடுப்பது செய்யக்கூடிய காரியமே. பரிசுத்தொகையில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும்.