சோடி சேர்க்காத சொற்கள்

வெள்ளவத்தையில், வேலை முடிந்து மாலையில் வருபவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் தொழில். வங்கியிலும் காப்புறுதி நிறுவனத்திலும் பணியாற்றும் இவர்கள், புள்ளிகளுக்காக அன்றி, மறுநாள் காலை அனுப்பவேண்டிய கடிதத்துக்காகவே படிக்க வருகிறார்கள். ஒரே ஒலியும் வேறு எழுத்தும் கொண்ட சொற்கள் அங்கேதான் தொல்லை தருகின்றன. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் பிழைதிருத்தியும் பல வேளைகளில் அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

பயிற்சி நூல்கள் இவற்றைச் சோடி சோடியாக நிறுத்தி, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் திணித்து எழுதச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து, ஆங்கிலத்தைப் பாடப்புத்தகத்தில் கண்ணால் படித்தவர், ‘அங்கே’ என்பதற்கும் ‘அவர்களுடைய’ என்பதற்கும் உரிய ‘தெயார்’களைப் பெரும்பாலும் மாற்றி எழுதுவதில்லை, வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்தான் காதில் விழுந்தபடி எழுதிவிடுகிறார். குழப்பமே இல்லாதவருக்குச் சோடியைக் காட்டினால், மறுவாரம் அவரும் தடுமாறத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே கடன் பிரிவில் இருப்பவருக்கு ‘ஏ, எல்’ என்று முடியும் ‘பிரின்சிபல்’ என்றால் வட்டி நீங்கலான முதல் என்று அவருடைய கடித வாக்கியத்திலேயே காட்டுகிறேன். ‘எல், ஈ’ என்று முடிந்து கொள்கையைக் குறிக்கும் மற்றது, முன்னது கைவந்த பிறகு வரட்டும்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. 1476 அளவில் வில்லியம் கக்ஸ்ரன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பின்னர் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோக, உச்சரிப்போ மாறிக்கொண்டே இருந்தது. குதிரைவீரனைக் குறிக்கும் ‘நைட்’டின் முதலில் நிற்கும் ‘கே’யை ஒரு காலத்தில் வாய்விட்டே சொன்னார்கள், அது ஓய்ந்தபின் அவனும் இரவும் ஒன்றாக ஒலித்தார்கள். வாழையையும் வாளை மீனையும் ஒன்றாகச் சொல்லி வேறாக எழுதும் நமக்கு இதை விளக்க அதிக நேரம் ஆவதில்லை.

நூல்கள் சொல்லாத சோடிகள்தான் எனக்குப் பெரும்பாடு. கலியாண ‘ஹோல்’, சுவரில் விழுந்த ‘ஹோல்’. ‘லோ’ கொலிஜ், ‘லோ’ பிரஷர். மேற்குத் திசையும் உள்ளே அணியும் பெனியனும் ‘வெஸ்ட்’. ஆங்கிலேயர் வேறுபடுத்தும் இவற்றை நம் நாவு ஒன்றாக்கிவிடுகிறது. தொலைபேசியில் கேட்டதை எழுதுபவர் தடுக்கி விழுவது இவற்றில்தான் என்பதால், இப்போதெல்லாம் சொல்வதெழுதலில் இவற்றைத் தனிச் சொல்லாகத் தருவதில்லை. முழு வாக்கியமாகவே வாசிக்கிறேன். ‘வெஸ்ட்’டுக்கு மட்டும், பெனியன் என்றால் மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும், திசை என்றால் உதடு குவியவேண்டும் என்று ஒவ்வொருவரையும் சொல்லவைத்துப் பார்க்கிறேன், வெட்கப்பட்டுச் சிரித்து முடிய எப்படியும் ஒரு வகுப்பு போய்விடும்.